மூன்றாவது தடவை கூப்பிட்டபோது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-9-1927

அன்புள்ள அம்மாவுக்குப் புஷ்பவல்லி எழுதுவது.

முதல் வரியில் "நான் நலம்" என்று எழுதச் சொல்கிறார் சீதாலெட்சுமி அத்தை. சளி பிடித்திருக்கிறதே, பொய் எழுதலாமா என்று கேட்டேன். "வாயாடி, சொன்னதை எழுதுடீ" என்று தலையில் குட்டினார். ஆகையால் நான் நலம். மூக்கு மட்டும் ஒழுகுகிறது.

ஒரு சங்கதி. நான் இப்போது கொட்டகையில் பேசுகிறேன். நீ பயாஸ்கோப் பார்த்ததில்லை என்பதால் விவரமாகச் சொல்கிறேன். படத்தில் ஆட்கள் வாயை அசைப்பார்களே தவிரச் சத்தம் வராது. நம் ஜனங்களுக்குக் கதை விளங்கவேண்டுமே. அதனால் தம்புசாமி மாமாவும் அத்தையும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மாமா ஆண்களுக்கும் அத்தை பெண்களுக்கும் பேசுவார்கள். பிள்ளைகளுக்கும் அத்தையேதான் பேசிக்கொண்டிருந்தார். போன வாரம் மழையில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை மாதிரி அழுது பார்த்தேன், சும்மா விளையாட்டுக்கு. மாமா ஓடிவந்து, "எங்கடி புள்ள அழுவுது?" என்று தேடினார். நான்தான் என்றேன். அன்று சாயந்திரமே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

குழந்தை, பூனை, கிளி, ஒரு ராஜகுமாரன், நான்கு பேருக்கும் நான் பேசினேன். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நன்றாக இருந்தது.

நீ வந்து ஐந்து மாசம் ஆகிறது. எப்போது வருவாய்?

உன் மகள்
புஷ்பவல்லி


கிள்ளான்
20-9-1927

செல்வ மகள் புஷ்பவல்லிக்கு அம்மா இராஜம்மா ஆசியுடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உன்னைச் சோறு போட்டு வளர்க்கத்தான் அவர்களிடம் விட்டேன். கொட்டகையில் கத்தவிட அல்ல. உன் அப்பா இருந்தால் தம்புசாமி அண்ணனை வாசலில் நிற்க வைத்துக் கேட்டிருப்பார். உன் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் இறந்துபோய், ரயில்வே குவார்ட்டர்ஸை நாம் காலி பண்ணின நாளில் நம்மை உள்ளே கூப்பிட்டவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். அதை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன். பெண்கள் பக்கம் உட்கார். அத்தையின் முந்தானையை விடாதே. வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடி.

பூனை மாதிரியும் பேசினாயா? எப்படி?

இன்னொன்று. போன கடிதத்தை நேராகத் துரை வீட்டு விலாசத்துக்கு எழுதிவிட்டாய். இனி அப்படிச் செய்யாதே. அய்யாவு மளிகைக்கடை, பாசார் ரோடு, கிள்ளான் என்று மட்டும் எழுது. நான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன். மேமுக்கு ஆயாவின் தபால் வீட்டுக்கு வருவது பிடிக்காது.

துரை மகள் மிஸ்ஸிக்குக் கடைவாய்ப் பல் வருகிறது. என் தோளை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாள். அதனால்தான் இந்த மாசம் லீவு கேட்க முடியவில்லை.

அம்மா


பிரிக்பீல்ட்ஸ்
9-10-1927

அன்புள்ள அம்மாவுக்கு,

பூனை மாதிரி எப்படி என்று எழுத முடியாது. வந்து கேட்டுக்கொள்.

நான் எங்கே உட்காருகிறேன் தெரியுமா? திரைக்கு இரண்டு முழம் பின்னால் ஒரு சாராயப் பெட்டியின் மேல். படம் பளிச்சென்று விழுவதற்காக ஆட்டம் தொடங்குமுன் திரையில் தண்ணீர் அடிப்பார்கள். அந்தத் தண்ணீர் என் மேல்தான் சொட்டும். சளி போகவே போகாது. இன்னொரு கஷ்டம், பின்னால் இருந்து பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரியும். எல்லாரும் இடக்கையால் சோறு சாப்பிடுவார்கள். முந்தாநாள் ஒரு படத்தில் கள்ளன் ஒளிந்திருக்கிற இடத்தைப் பிள்ளை காட்டிக்கொடுக்க வேண்டும். நான், "மாமா, சோத்துக்கைப் பக்கம் பாருங்க!" என்று கத்திவிட்டேன். முன்னால் இருப்பவர்களுக்குக் கள்ளன் பீச்சாங்கைப் பக்கம். கொட்டகையே சிரித்தது. மாமா காதைத் திருகினார்.

இப்போது புதுப் படம். வெள்ளத்தில் தாயைப் பிரிந்த பிள்ளை ஆற்றங்கரையில் நின்று மூன்று தடவை அம்மா என்று கூப்பிடுகிறது. தாய் மறுகரையில் இருக்கிறாள், காது கேட்கவில்லை. மாமா சொன்னார்: "மொத தடவ தேடுற மாதிரி கூப்பிடு. ரெண்டாவது, பயந்துட்ட மாதிரி. மூணாவது எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல, நீயே பாத்துக்க." மூன்றாவது தடவைக்கு நான், நீ என்னை இங்கே விட்டுவிட்டுக் கிள்ளான் ரயிலில் ஏறிப் போன நாளை நினைத்துக்கொண்டேன். அன்று நான் வாயைத் திறக்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் இப்போது கூப்பிடுகிறேன்.

பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. காஜாங்கிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். மாமாவும் அத்தையும் எனக்கு இரண்டு பாவாடை தைத்துத் தந்தார்கள்.

ஆட்டம் முடிந்தால் அவரவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் போவார்கள். நான் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அத்தைக்காகக் காத்திருப்பேன். அத்தை நல்லவர்தான். ஆனால் அத்தைதானே.

தீபாவளிக்காவது வா.

புஷ்பவல்லி


கிள்ளான்
30-10-1927

புஷ்பவல்லிக்கு,

தீபாவளிக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். வீட்டில் விருந்து, பத்துத் துரைமார். பண்டிகை என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குத்தான் யாருமில்லையே, எங்கே போகப்போகிறாய்?" என்று மேம் கேட்டாள். தட்டுகளைத் துடைக்கப் போய்விட்டேன். சபாபதி மனைவி வள்ளியம்மா இரண்டு அதிரசம் கொடுத்தாள். சபாபதி இங்கே தோட்டக்காரர். ஒன்றைத் தின்றேன். இன்னொன்றை ஏன் எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை, எறும்பு மொய்த்துவிட்டது.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி பத்தாம் தேதி துரை குடும்பம் லீவில் சீமைக்குக் கப்பல் ஏறுகிறது. மிஸ்ஸியைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போகிறார்கள். எட்டு மாசம். திரும்பி வந்ததும் சம்பளம் கூடும், அப்போது உன்னை அழைத்துக்கொள்ள ஒரு வழி பிறக்கும். எனக்கு வேறு பிழைப்பு இல்லை, கண்ணு. நீ சமர்த்து. எட்டு மாசம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

அம்மா


பிரிக்பீல்ட்ஸ்
6-11-1927

அம்மாவுக்கு,

நான் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். எட்டு நிமிஷம்கூட ஓடவில்லை.

போகாதே. போகத்தான் வேண்டுமென்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போ. மிஸ்ஸிக்கு விளையாட்டுக் காட்டுவேன். கிளி, பூனை, புகைவண்டி எல்லாம் பேசிக் காட்டுவேன். மேமிடம் கேள். உனக்கு யாருமில்லை என்று அவர் ஏன் சொன்னார்? என்னைப் பற்றி நீ சொல்லவில்லையா?

ஆற்றங்கரைப் படம் காஜாங் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது, ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பகல் ஆட்டம் உண்டு. நீ வந்தால் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் இடம் பிடித்து வைக்கிறேன்.

புஷ்பவல்லி


கிள்ளான்
10-11-1927

புஷ்பவல்லிக்கு,

வேலை நிறைய. வர முடியாது. எனக்காக இடம் பிடித்து வைக்காதே, நாலு பேர் பார்வை படும்.

சீமைக் கப்பலில் ஆயாவின் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். மேமிடம் எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் காரியத்தைக் கிளறாதே.

அம்மா


பிரிக்பீல்ட்ஸ்
21-11-1927

அம்மா,

நேற்று நீ வந்தாய்.

அது நீதானே? பகல் ஆட்டத்தில் நான் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, பெண்கள் பக்கத்திலிருந்து, "இந்தா வந்துட்டேன் கண்ணு!" என்று ஒரு குரல் கேட்டது. கொட்டகை முழுதும் கொல்லென்று சிரித்தது. அடுத்து இரண்டு இடத்தில் நான் பேசவேண்டியதை அத்தைதான் பேசினார். எழுந்து ஓடப் பார்த்தேன். மாமா என் பாவாடையைப் பெட்டியோடு சேர்த்துக் காலால் மிதித்துக்கொண்டார். படம் முடிகிறவரை விடவில்லை. முடிந்ததும் முன்வாசலுக்கு ஓடினேன். பெண்களெல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன். கிள்ளான் வண்டி போய்விட்டது என்றார்கள்.

ஏன் நிற்கவில்லை? ஒரு நிமிஷம் நின்றிருந்தால் நான் வந்திருப்பேனே.

புஷ்பவல்லி


கிள்ளான்
25-11-1927

புஷ்பவல்லிக்கு,

உனக்கு ஏதோ பிரமை. ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸிக்குக் காய்ச்சல், நான் வீட்டை விட்டு நகரவில்லை. உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்வார்கள். குரலும் அப்படித்தான். படத்தைப் பார்த்து உருகின எவளோ வாய்விட்டிருப்பாள், அவளுக்கும் பிள்ளை இருக்கும்.

ஸ்டேஷனுக்கெல்லாம் தனியாக ஓடாதே. கப்பல் ஏறுமுன் ஒரு நாள் எப்படியும் வருகிறேன்.

அம்மா


பிரிக்பீல்ட்ஸ்
4-12-1927

துரை வீட்டு ஆயா அவர்களுக்கு,

புஷ்பவல்லி எழுதுவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவேண்டாம். எனக்குக் குரல்தான் வேலை. எதிர் வீட்டில் யார் தும்மினாலும் இன்னார் என்று சொல்லுவேன். அப்பா இருமினால் எத்தனையாவது இருமல் கடைசி இருமல் என்றுகூட எனக்குத் தெரியும். நீங்கள் "கண்ணு" என்று சொல்லும்போது கடைசியில் கொஞ்சம் மூக்கால் இழுப்பீர்கள். வேறு எந்த ஆறு பேரும் அப்படி இழுக்கமாட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஆட்டத்தில் ஆற்றங்கரை வந்தது. படத்துப் பிள்ளை வாயைத் திறந்தது. நான் திறக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, வரவில்லை. மாமா முழங்கையால் இடித்தார். ஆர்மோனியக்காரர் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிள்ளை சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டே நின்றது. அப்போது முன்னால் இருந்த பெண்கள், பல தடவை பார்த்தவர்கள் போலிருக்கிறது, அவர்களே "அம்மா!" என்று கூப்பிட்டார்கள். முதலில் ஒருத்தி, பிறகு பத்து இருபது பேர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையும் வெளியே கேட்டிருக்கும்.

அதிலிருந்து அந்த வார்த்தை எனக்கு வரமாட்டேன் என்கிறது. பூனைக்கும் கிளிக்கும் பேசுகிறேன். ராஜகுமாரனுக்குக்கூடப் பேசுகிறேன். மாமா கோபமாக இருக்கிறார். "அம்மான்னு சொல்லத் தெரியாத புள்ளய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? வருஷப் பொறப்புக்குள்ள சரியாகலேன்னா காஜாங்கில எங்கக்கா வீட்டுக்கு அனுப்பிருவேன், தண்ணி தூக்கட்டும்" என்கிறார். அத்தை தினமும் தேன் தடவிப் பார்க்கிறார். தொண்டையில் ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும்.

நீங்கள் சீமைக்குப் போய் வாருங்கள். மிஸ்ஸியைக் கேட்டதாகச் சொல்லவும்.

புஷ்பவல்லி


கிள்ளான்
14-12-1927

என் கண்ணே புஷ்பவல்லி,

நான்தான் வந்தேன்.

உன் கடிதத்தை அய்யாவு கடை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். அய்யாவு முதலாளி, "ஏம்மா, கெட்ட சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னைப் பற்றித்தான் கெட்ட சேதி.

உனக்குப் பதினொரு வயசு. இதை உன்னிடம் சொல்வதா என்று பத்து நாள் யோசித்தேன். சொல்லாமல் போனால் அம்மா என்கிற அந்த வார்த்தை எனக்கும் பொருந்தாது. அப்பா போன பிறகு ஆயா வேலை கேட்டு மூன்று பங்களா ஏறினேன். முதல் இரண்டு இடத்திலும் மேம்மார் கேட்டது ஒரே கேள்வி, பிள்ளை இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அடிக்கடி ஓடுவாய், வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இந்த வீடு. "அனாக் அடா?" என்று மேம் மலாயில் கேட்டாள். "தடா, மேம்" என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டேன், கண்ணு. பிறத்தியார் பாஷையில் சொன்னால் பொய் அவ்வளவாக ஒட்டாது என்று நினைத்தேன். ஒரு வருஷமாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கடையின் விலாசத்துக்கு எழுதச் சொன்னதும் அதற்காகத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வள்ளியம்மா, "கோலாலம்பூர்ல ஒரு படமாம், புள்ள கூப்பிட்டா கல்லும் அழுவுதாம், வாக்கா போவோம்" என்றாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. பார்க்காமல் கப்பல் ஏற மனம் ஒப்பவில்லை. திரைக்குப் பின்னால் நீ இருக்கிறாய், நான் முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடலாம், ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். முதல் தடவை கூப்பிட்டாய், பொறுத்துக்கொண்டேன். இரண்டாவதற்கு முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. எல்லாரும் சிரித்த பிறகுதான் நான் எழுந்து நிற்கிறேன் என்று தெரிந்தது.

"யாரக்கா உனக்குக் கண்ணு?" என்று வள்ளியம்மா கேட்டாள். வாய் தவறிவிட்டது என்று சொல்லி, படம் முடியுமுன்னே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். யாரென்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

வேலைக்குப் பயந்து உன்னை இல்லை என்றேன். அப்புறம் உன்னிடமே நான் வரவில்லை என்றேன். ஒரு பொய்யில் இரண்டு தடவை உன்னைத் தொலைத்தேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். நம் விஷயத்தில் கல்லாக இருந்தவள் நான்தான்.

திட்டியாவது எழுது.

அம்மா


கிள்ளான்
27-12-1927

கண்ணு புஷ்பவல்லி,

இரண்டு வாரமாகக் கடைக்கு நடக்கிறேன். கடிதம் இல்லை. "தபால் வந்தா நானே ஆள் அனுப்புறேன்லா, ஏன் வெயில்ல வரே?" என்று அய்யாவு முதலாளி சொல்லியும் போகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாலேயே மேமிடம் சொல்லிவிட்டேன். அவள் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். "அனாக் அடா, மேம். பெண் பிள்ளை, பதினொரு வயசு" என்றேன். அவள் கையிலிருந்த சீட்டைப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு உன் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் வாயில் நுழையவில்லை. "ஒரு வருஷம் என் பிள்ளை உன் மடியில் தூங்கியது, உன் பிள்ளை எங்கே தூங்கியது?" என்று கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டோ இல்லையோ, கேட்டுவிட்டாள். பொய் சொன்னவளை நம்பி மிஸ்ஸியோடு கப்பல் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வேறு ஆயா பார்க்கிறார்கள். மாசக் கடைசியோடு என் வேலை முடிகிறது.

மிஸ்ஸியை விட்டு வர மனசு கஷ்டப்படுகிறது. உனக்கு இது பிடிக்காது, ஆனால் இனி உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளை அது. விட்டுப் போகிறவர்களைப் பார்த்துக் கையாட்டும்.

கதையை வள்ளியம்மாவிடம் சொன்னேன். "அது எனக்கு ரயில்லயே தெரியும்க்கா" என்றாள். அவள் தங்கை சந்திரகலா, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்புறம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாளாம். சமைக்க ஆள் வேண்டுமாம். கடைக்குப் பின்னால் ஒரு அறை, பாய் போட்டால் இரண்டு பேர் படுக்கலாம். கடிதம் எழுதி முடிவு பண்ணிவிட்டாள். தம்புசாமி அண்ணனிடம் சொல், நீ காஜாங்குக்குப் போகவேண்டியதில்லை. கொட்டகையில் பேசுவதும் விடுவதும் உன் இஷ்டம். பேசினால் நான் வந்து கேட்பேன். அந்த வார்த்தை வந்தால் வரட்டும், வராவிட்டால் கிளிக்குப் பேசு, அதையும் நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி ஒன்றாம் தேதி, ரயிலில் வருகிறேன். ஒரு தகரப் பெட்டியும் ஒரு மூட்டையும்தான். நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வராவிட்டால் நானே தம்புசாமி அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து உன்னைக் கூப்பிடுவேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடுவேன். உனக்கு எப்போது பதில் சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
29-12-1927

அம்மா,

எத்தனை மணி வண்டி என்று எழுதவே இல்லையே நீ.

புஷ்பவல்லி